கிறிஸ்தவ நம்பிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களோடு உட்கார்ந்து பேசும் வேலை சில வருடங்களாக எனக்கு இருக்கிறது. அங்கே எழும் கேள்விகளில் பாதியை வேறு மதத்து நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உள்ள இடங்களை மூடி மறைக்கவில்லை. என் சாய்வு எட்டிப்பார்க்கிற இடங்களும் உண்டு, பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரே மூச்சில் சொல்லுங்கள்: கிறிஸ்தவர்கள் எதைத்தான் நம்புகிறார்கள்?

கடவுள் ஒருவரே, உலகத்தை உண்டாக்கியவர் அவர். மனிதர்கள் அவரை விட்டு விலகிப் போனார்கள். விலகியவர்களைத் தேடி அவரே இயேசு என்ற மனிதராகப் பிறந்தார், சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார். அவருடைய ஆவியானவர் இன்றும் மனிதரிடையே செயல்படுகிறார். ஒருநாள் இயேசு திரும்ப வருவார், இறந்தவர்கள் எழுவார்கள்.

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையினர், புராட்டஸ்டண்டுகள், பெந்தெகொஸ்தே சபையினர் எல்லாரும் இதுவரை சேர்ந்தே வருவார்கள். அடுத்த வாக்கியத்தில் பிரிய ஆரம்பிப்பார்கள்.

மேலே சொன்னதில் அறிவுரை ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? பொய் சொல்லாதே, பகைவனையும் நேசி என்பதெல்லாம் நிச்சயம் உண்டு. ஆனால் நடுமையத்தில் இருப்பது, நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தி. சுவிசேஷம் என்ற சொல்லுக்கே நற்செய்தி என்றுதான் பொருள். அறிவுரையைக் கேட்டால் பின்பற்றலாம், விட்டுவிடலாம். செய்தியைக் கேட்டால், ‘யார் வந்தது? என்ன நடந்தது? நிஜமாகவா?’ என்று கேட்கத் தோன்றும். கோட்பாடு என்று நாம் சொல்வதெல்லாம் இப்படிக் கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில்கள். அதனால்தான் இந்த மதத்தில் ஒரு சொல்லுக்காகக்கூட நூறு வருடம் சண்டை நடந்திருக்கிறது.

விசுவாச அறிக்கை என்றால் என்ன? அதில் பிலாத்து ஏன் வருகிறார்?

நம்பிக்கையின் சாரத்தைச் சில வரிகளில் சொல்லும் பாடம்தான் விசுவாச அறிக்கை. விசுவாசப் பிரமாணம் என்றும் சொல்வார்கள். பரவலாகச் சொல்லப்படுபவை இரண்டு. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் சிறியது. பெயர் அப்படி இருந்தாலும் அப்போஸ்தலர்கள் உட்கார்ந்து எழுதியது அல்ல. ஞானஸ்நானம் பெற வருகிறவர்களிடம் ‘நம்புகிறாயா?’ என்று கேட்ட கேள்விகளிலிருந்து மேற்கத்திய சபையில் மெல்ல வளர்ந்தது. மற்றது நிசேயா அறிக்கை. 325-இல் நிசேயா என்ற ஊரில் கூடிய ஆயர்கள் ஒரு வடிவம் கொடுத்தார்கள். இன்று ஆராதனையில் சொல்லப்படுவது 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தோடு (ஆயர்களின் பேரவை) சேர்த்துச் சொல்லப்படும் விரிந்த வடிவம்.

சிறிய அறிக்கையை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஆபிரகாம் பெயர் வராது, மோசே பெயர் வராது, பேதுரு, பவுல் யாரும் வரமாட்டார்கள். இயேசுவையும் மரியாளையும் தவிர அதில் வரும் ஒரே மனிதப் பெயர் போந்தியு பிலாத்து, சிலுவைச் சாவுக்கு உத்தரவு போட்ட ரோம ஆளுநர்! சின்ன வயதில் இது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. காரணம் எளிது: அந்தப் பெயர்தான் இங்கே தேதி. இன்னார் ஆட்சியில் என்று சொல்லித்தான் அன்று காலத்தைக் குறித்தார்கள். பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. 1961-இல் செசரியாவில் ஒரு பழைய அரங்கத்தின் படிக்கட்டில் மறுபடி பயன்படுத்தப்பட்டிருந்த சுண்ணாம்புக் கல்லில் அவர் பெயர் பொறித்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ என்று தொடங்குகிற கதையாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகவே, வேண்டாத ஒரு மனிதனின் பெயரைச் சபை இத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தேவன், கடவுள், பரிசுத்த ஆவி, தூய ஆவி என்று தமிழில் ஏன் இரட்டைச் சொற்கள்?

மொழிபெயர்ப்பு மரபுகள் வேறு என்பதுதான் காரணம். பழைய புராட்டஸ்டண்ட் பைபிளில் தேவன், கர்த்தர், இரட்சிப்பு, கிருபை, ஞானஸ்நானம். புதிய பொது மொழிபெயர்ப்பில் கடவுள், ஆண்டவர், மீட்பு, அருள், திருமுழுக்கு. கோட்பாடு அதேதான். இங்கே இரண்டையும் கலந்தே எழுதுகிறேன். எனக்கு இரண்டும் பழக்கம்.

திரித்துவம் என்றால் மூன்று கடவுள்களா?

இல்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவராக இருக்கும் ஒரே கடவுள். ‘என்ன?’ என்று கேட்டால் பதில் ஒன்று. ‘யார்?’ என்று கேட்டால் பதில் மூன்று. இதற்கு மேல் சுருக்க எனக்குத் தெரியவில்லை.

பிரசங்கங்களில் தண்ணீர் உதாரணம் ஒன்று சொல்வார்கள்: ஒரே தண்ணீர் பனிக்கட்டியாகவும் நீராகவும் நீராவியாகவும் இருக்கிறதே, அது மாதிரி. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு. மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பவர் பெயரால் அறியப்பட்ட போதனை கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. கடவுள் ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்ற அந்தக் கருத்தைச் சபை தள்ளிவிட்டது. ஏன் தள்ளியது என்பதற்கு, இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதிக் காட்சியைப் பாருங்கள். இயேசு தண்ணீரிலிருந்து ஏறி வருகிறார், ஆவியானவர் புறாவைப் போல் இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் குரல் கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள். ஒருவரே வேடம் மாற்றுகிறார் என்றால் இந்தக் காட்சி நடக்காது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு பிதாவிடம் மன்றாடியதும் தனக்குத்தானே பேசிய பேச்சாகிவிடும்.

சரி, அப்படியானால் ஒரு குடும்பத்தில் மூன்று பேர் இருப்பது போலா? அதுவும் இல்லை. மூன்று பேர் என்றால் மூன்று மனிதர்கள், மூன்று விருப்பங்கள். சூரியன், ஒளி, வெப்பம் என்ற உதாரணம் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதிலும் குமாரனும் ஆவியானவரும் ஆளாக இல்லாமல் சூரியனிலிருந்து வெளிப்படும் விளைவாகிவிடுகிறார்கள். எந்த உதாரணத்தையும் ஒரு அடிக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது.

இதனால் ஆகப்போவது என்ன என்று ஒரு பொறியியல் மாணவர் கேட்டார். ‘கடவுள் அன்பாகவே இருக்கிறார்’ என்கிறது யோவானின் முதல் கடிதம். உலகமே இல்லாத காலத்தில் தனியொருவராக இருந்தவர் யாரிடம் அன்பாக இருந்திருப்பார்? அன்பு காட்டுவதற்காக உலகைப் படைக்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததா? திரித்துவக் கோட்பாடு, அந்தத் தேவை இல்லை என்கிறது. பிதா, குமாரன், ஆவியானவர் இடையே அன்பு எப்போதும் இருந்தது, படைப்பு அதன் பெருக்கு.

‘திரித்துவம்’ என்ற சொல் பைபிளில் இல்லையே?

இல்லைதான். லத்தீனில் அந்தச் சொல்லை முதலில் இந்தப் பொருளில் கையாண்டவராக அறியப்படுபவர் தெர்த்துல்லியன், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆனால் சொல் இல்லை என்பதால் விஷயமும் இல்லை என்றாகாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுங்கள் என்று மத்தேயு நற்செய்தியின் கடைசியில் வருகிறது. முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள், கடவுள் ஒருவரே என்பதில் கறாரானவர்கள். அவர்களே இயேசுவை வணங்கவும் செய்தார்கள். இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் எப்படிப் பேசுவது என்ற தவிப்பிலிருந்து பிறந்த சொல் இது.

யெகோவாவின் சாட்சிகள் போன்ற சில இயக்கங்கள் திரித்துவத்தை ஏற்பதில்லை. மற்ற சபைகள் பொதுவாக அவர்களைத் தங்களோடு சேர்த்து எண்ணுவதும் இல்லை.

இயேசு கடவுளா, மனிதரா?

இரண்டும், முழுமையாக. பாதி பாதி அல்ல.

அலெக்சாண்டிரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர் இருந்தார். கெட்டிக்காரர், நன்றாகப் பேசக்கூடியவர். குமாரன் மேலானவர்தான், ஆனால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்தார். இதைத் தீர்க்கத்தான் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-இல் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். குமாரன் பிதாவோடு ‘ஒரே சாரம்’ உடையவர் என்று சங்கம் முடிவு செய்தது. கிரேக்கத்தில் ஹோமோஊசியோஸ். சில பத்தாண்டுகள் கழித்து வேறொரு கூட்டம், ‘ஒத்த சாரம்’ என்று வைத்துக்கொள்வோமே, ஹோமோயூசியோஸ், என்று சமரசம் பேசியது. எழுத்தில் வித்தியாசம் ஒரே ஒரு ‘அயோட்டா’. கிரேக்க நெடுங்கணக்கில் அதைவிடச் சின்ன எழுத்து கிடையாது. ஒரு எழுத்துக்காகவா இத்தனை அமளி என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் கடவுளைப் போல இருக்கும் ஒருவர் நம்மைத் தேடி வருவதும், கடவுளே வருவதும் ஒன்றா? ராஜா நேரில் வருவதற்கும் தூதர் வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. அத்தனாசியுஸ் என்ற ஆயர் இதை விட்டுக்கொடுக்காததால் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார்.

எதிர்ப்பக்கத்திலும் ஆள் இருந்தார்கள்: இயேசு கடவுள்தான், மனித உடம்பு வெறும் தோற்றம் என்றார்கள். நற்செய்தி நூல்கள் அதற்கு இடம் தரவில்லை. மாற்கு எழுதுகிறார்: புயலில் படகு தத்தளிக்கிறது, இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணையில் தலை வைத்துத் தூங்குகிறார். தோற்றத்துக்குத் தலையணை எதற்கு? கிணற்றடியில் களைத்து உட்காருகிறார், தண்ணீர் கேட்கிறார், நண்பன் கல்லறையில் அழுகிறார்.

451-இல் கால்சிடோன் சங்கம் வரம்பு போட்டது: ஒரே ஆள், இரண்டு இயல்புகள், கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல். நான்கும் எதிர்மறைச் சொற்கள். எப்படி என்று அந்த ஆயர்கள் விளக்கவில்லை, எப்படி இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அந்த அடக்கம் பிடிக்கும். காப்டிக், ஆர்மேனிய, எத்தியோப்பிய, சிரிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்த வாசகத்தை ஏற்கவில்லை. பெரும்பாலும் சொல் தகராறுதான் என்று பிற்காலத்தில் பலர் ஒப்புக்கொண்டார்கள். 1973-இல் போப் ஆறாம் பவுலும் காப்டிக் சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது, ஆயிரத்து ஐந்நூறு வருடப் பிணக்கில் பெரும் பகுதி சில பத்திகளில் அடங்கிவிட்டது.

‘தேவனுடைய குமாரன்’ என்றால் கடவுளுக்குப் பிள்ளை பிறந்தது என்று அர்த்தமா?

உடல் சார்ந்த அர்த்தமே இல்லை. தந்தையிடமிருந்து வந்தவர், தந்தையின் இயல்பை முழுக்க உடையவர், தந்தையோடு நெருக்கம் கொண்டவர் என்ற உறவைக் குறிக்கும் சொல். அந்த உறவுக்குத் தொடக்கம் கிடையாது என்பது கோட்பாடு. மரியாளிடம் பிறந்தது அவர் மனிதரானதற்கான தொடக்கம்.

ஆதாம் செய்ததற்கு நான் ஏன் பொறுப்பு?

நியாயமான கேள்வி. எல்லாரும் ஒரே பதில் சொல்வதில்லை. கடவுளின் கட்டளையை மீறிய முதல் மனிதன் ஆதாமின் குற்றத்திலேயே நமக்குப் பங்கு உண்டு என்ற வலுவான கருத்து அகுஸ்தீன் வழியாக மேற்கத்திய சபைகளில் வேரூன்றியது. மனிதன் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்ற பெலாஜியுஸின் போதனையை எதிர்த்து அவர் எழுதினார். 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் அகுஸ்தீன் பக்கம் நின்றது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் குற்றம் பரம்பரையாக வருகிறது என்று பேசுவதில்லை. சாவும் சீர்கேடும்தான் வருகின்றன என்பார்கள்.

நான் வகுப்பில் சொல்வது இது: குழந்தைக்குப் பகிர்ந்துகொள்ளக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. ‘எனக்கு, எனக்கு’ என்று பிடுங்கிக்கொள்ள யாரும் கற்றுத்தரவில்லை. ஆதிப் பாவம் என்று சபை பெயர் வைத்திருப்பது இந்தச் சாய்வுக்குத்தான். ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களை நேரடி வரலாறாக வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், மனித குலத்தின் கதையாக வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். சாய்வு இருக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை.

கடவுள் சும்மா மன்னித்துவிட்டுப் போகலாமே, சிலுவை எதற்கு?

எல்லாக் கேள்வியிலும் கனமானது இதுதான் என்பேன்.

யாரோ உங்களைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் ஒரு பொய்யைப் பரப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து வந்து, அழுது, மன்னிப்புக் கேட்கிறார். நீங்களும் மனதார மன்னிக்கிறீர்கள். அந்தப் பொய் என்ன ஆனது? அது ஏற்கெனவே நாலு வீடு ஏறிவிட்டது. கல்யாணத்தில் உங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லி அவமானப்படுத்தியிருந்தால் சுமை அவர்மேல் போயிருக்கும். மன்னித்ததால் அது உங்களிடம் நின்றுவிட்டது. சும்மா மன்னிப்பது என்று ஒன்று கிடையாது. மன்னிக்கிறவர்தான் விலை கொடுக்கிறார். மனிதர் செய்த தீமையின் பாரத்தைக் கடவுள் தம்மேல் ஏற்றுக்கொண்ட இடம் சிலுவை என்கிறது கிறிஸ்தவம்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பிசாசின் பிடியிலிருந்து மீட்க விலை, சாவின்மேல் வெற்றி என்று பழைய சபையார் பேசினார்கள். கான்டர்பரியின் ஆன்செல்ம் 1098 வாக்கில், கடவுளின் மாட்சிக்கு நேர்ந்த இழுக்கை ஈடு செய்வது என்று விளக்கினார். பாவத்துக்கான தண்டனையை இயேசு நமக்குப் பதிலாக ஏற்றார் என்பது கால்வின் போன்ற சீர்திருத்தவாதிகள் அழுத்திய விளக்கம். பேதுரு அபெலார், அந்த அன்பைப் பார்த்து மனம் உருகித் திரும்புவதை முன்னே வைத்தார். கவனியுங்கள்: நிசேயா அறிக்கை இதில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ‘நமக்காக’ என்று சொல்லி நிறுத்திவிட்டது.

கோபக்கார அப்பா ஒன்றும் அறியாத மகனை அடித்துத் தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார் என்று சிலர் இதைச் சொல்லும்போது எனக்குப் பகீரென்கிறது. மேலே திரித்துவத்தில் அத்தனை நேரம் நின்றது இதற்காகவும்தான். அடித்தவர் ஒரு கடவுள், அடிபட்டவர் வேறொருவர் என்றில்லை. வந்ததும் பட்டதும் கடவுளே.

உயிர்த்தெழுந்தார் என்பதை அப்படியே நம்புகிறீர்களா?

நம்புகிறோம். ‘அவருடைய போதனை வாழ்கிறது’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளப் பவுல் விடவில்லை. கிறிஸ்து எழுப்பப்படவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில் பட்டென்று சொல்கிறார். அந்தக் கடிதம் சிலுவைக்கு ஏறக்குறைய 20, 25 வருடங்களுக்குள் எழுதப்பட்டது. கிறிஸ்து இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், எழுந்தார், தோன்றினார் என்ற வரிகளைத் தான் பெற்றுக்கொண்டதாகவே அதில் குறிப்பிடுகிறார். ஆகவே அந்த வரிகள் கடிதத்தைவிடப் பழையவை.

இன்னொன்று: நான்கு நற்செய்தி நூல்களிலும் காலியான கல்லறையை முதலில் பார்ப்பவர்கள் பெண்கள், மகதலா மரியாள் நான்கிலும் இருக்கிறார். பெண்ணின் சாட்சியத்துக்கு அன்று மதிப்புக் குறைவு. ஜோடித்த கதையாக இருந்தால் இப்படி ஜோடித்திருக்க மாட்டார்கள். இது நிரூபணம் ஆகாது, ஆனால் யோசிக்க வைக்கும். சீடர்கள் மிக ஆரம்பத்திலேயே இதை நம்பினார்கள் என்பதுவரை வரலாற்றாசிரியர் வருவார். நடந்ததா என்பதில் ஒவ்வொருவரும் தானே முடிவெடுக்க வேண்டும்.

உயிர்த்தெழுதல் என்பது பிழைத்து வருவதும் அல்ல. இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு பிழைத்து வந்தார், பிறகு மறுபடி இறந்தார். ஆவியாக உலவுவதும் அல்ல. லூக்கா சொல்லும் காட்சியில் சீடர்கள் பேயென்று பயந்து நிற்க, இயேசு ‘சாப்பிட ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டு, பொரித்த மீன் துண்டை வாங்கி அவர்கள் முன்னாலேயே சாப்பிடுகிறார்.

மீட்புக்கு விசுவாசம் போதுமா, நற்செயலும் வேண்டுமா?

கிருபையினால், விசுவாசத்தின் வழியாக, செயல்களால் அல்ல என்கிறது எபேசியர் கடிதம். செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்கிறது யாக்கோபு கடிதம். 1517-இல் மார்ட்டின் லூதர் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்ததில் தொடங்கிய பிளவின் நடுவில் இந்தக் கேள்விதான் நின்றது. 1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க் நகரில், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கச் சபையும் இதன் அடிப்படையில் தங்களுக்குள் ஒப்புதல் இருப்பதாகக் கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006-இல் அதோடு சேர்ந்துகொண்டார்கள். மீட்பு கடவுளின் கொடை, நாம் சம்பாதிப்பது அல்ல, வாங்கியவர் வாழ்க்கையில் அது செயலாக வெளிப்படும் என்பதே அந்த ஒப்புதலின் சாரம்.

பரிசுத்த ஆவி என்பது ஒரு சக்தியா?

சக்தி அல்ல, ஆள். பேசுகிறார், வழிநடத்துகிறார், வருத்தப்படுகிறார் என்றே புதிய ஏற்பாடு எழுதுகிறது. அதனால்தான் ‘ஆவியானவர்’ என்று மரியாதையாகச் சொல்கிறோம். அவர் பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்றது 381-இன் அறிக்கை. ‘குமாரனிடமிருந்தும்’ என்று மேற்கத்திய சபை பின்னர் சேர்த்தது. கேட்காமல் சேர்த்தார்களே என்று கிழக்குக்குக் கோபம். 1054-இல் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் ஒன்றையொன்று விலக்கியபோது அந்தக் கோபமும் கூட இருந்தது.

ஞானஸ்நானம், திருவிருந்து: ஏன் சபைக்குச் சபை வித்தியாசம்?

கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கும் அருட்சாதனங்கள், அதாவது கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்குகள், ஏழு. பெரும்பாலான புராட்டஸ்டண்டுகளுக்கு இரண்டு: ஞானஸ்நானமும் திருவிருந்தும். இரட்சணிய சேனை இரண்டையுமே நடத்துவதில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள் கிருபை முதலில் வருகிறது என்பதை அழுத்துகிறார்கள். வளர்ந்தவர்களை மட்டும் முழுக்குபவர்கள், நம்பிக்கையைத் தானே அறிக்கையிட வேண்டும் என்பதை அழுத்துகிறார்கள்.

திருவிருந்தில் அப்பமும் ரசமும் இயேசுவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்பது கத்தோலிக்கப் போதனை. லூதர் அந்த விளக்கத்தை ஏற்காவிட்டாலும் இயேசு நிஜமாகவே அங்கே இருக்கிறார் என்றார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தவாதி ஸ்விங்ளி, அது நினைவுகூருதல் என்றார். 1529-இல் மார்பர்க் கோட்டையில் இருவரையும் சமாதானப்படுத்த உட்கார வைத்தார்கள். லூதர் சாக்கட்டியை எடுத்து மேசையில் ‘இது என் உடல்’ என்று லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டார். ‘இது’ என்றால் இதுதான், அதற்கு மேல் பேச்சு வேண்டாம் என்ற தோரணை. 15 விஷயங்கள் பேசினார்கள். 14-இல் ஒத்துப்போனார்கள். 15-ஆவதில், இந்த மேசை விஷயத்தில், பிரிந்து போனார்கள்.

பைபிளில் 66 புத்தகமா, 73-ஆ?

புதிய ஏற்பாடு எல்லாருக்கும் 27 நூல்கள்தான். பழைய ஏற்பாட்டில் புராட்டஸ்டண்டுகளுக்கு 39, கத்தோலிக்கருக்கு 46. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழும்தான் வித்தியாசம். கிரேக்க மொழிபெயர்ப்பில் இருந்தவை, எபிரேயத் தொகுப்பில் சேராதவை. ஆர்த்தடாக்ஸ் பட்டியல் இன்னும் கொஞ்சம் நீளம்.

நிசேயா சங்கத்தில் கான்ஸ்டன்டைன்தான் பைபிள் நூல்களைத் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அந்தச் சங்கம் நூல்பட்டியல் எதையும் தீர்மானிக்கவில்லை. இன்றைய 27-ஐயும் சரியாகப் பட்டியலிடும் பழைய ஆவணம் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய பாஸ்கா (ஈஸ்டர்) கடிதம்.

கடவுள் சொல்லச் சொல்ல எழுதியதா? அப்படி எல்லாரும் நம்புவதில்லை. லூக்கா தன் நூலைத் தொடங்கும்போதே, எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து விசாரித்து எழுதுவதாகச் சொல்கிறார். மனிதர்கள் தங்கள் மொழியில், தங்கள் உழைப்பில் எழுதினார்கள், கடவுள் அதன் வழியே பேசினார் என்பது பொதுவான நிலை. எழுத்துக்கு எழுத்து பிழையே இல்லை என்பவர்களும், மீட்பைப் பற்றிய உண்மையில் பிழை இல்லை என்பவர்களும் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மரியாளை வணங்குகிறார்களா?

கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் வணக்கத்துக்கும் ஆராதனைக்கும் கோடு போடுகிறார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டும். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் இதைத் தெளிவாக்கியது. மரியாளிடம் கேட்பது, ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பது. நடைமுறையில் அந்தக் கோடு மங்கிவிடுகிறது என்பது புராட்டஸ்டண்டுகளின் புகார்.

எல்லாரும் தடுக்கி விழும் ஒரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். ‘அமல உற்பவம்’ என்பது இயேசு கன்னியிடம் பிறந்ததைக் குறிப்பதல்ல. மரியாளே ஆதிப் பாவக் கறையின்றி உருவானார் என்பது. 1854-இல் கத்தோலிக்கக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது. புராட்டஸ்டண்டுகளும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் அதை ஏற்பதில்லை.

செத்த பிறகு என்ன? இயேசு எப்போது திரும்ப வருவார்?

ஆத்துமா சொர்க்கம் போய்ச் சேர்வதோடு கதை முடியவில்லை. சிறிய அறிக்கையின் கடைசி வரிகளில் ஒன்று ‘சரீரம் உயிர்த்தெழுதல்’. உடம்பைக் கழற்றிப் போட வேண்டிய அழுக்குச் சட்டையாகக் கிறிஸ்தவம் பார்ப்பதில்லை, புதுப்பிக்கப்பட வேண்டியதாகப் பார்க்கிறது. சாவுக்கும் அந்த நாளுக்கும் இடையில் தூய்மை பெறும் நிலை ஒன்று உண்டு என்று கத்தோலிக்கர் நம்புகிறார்கள். உத்தரிக்கிற ஸ்தலம் என்பது அதுதான். புராட்டஸ்டண்டுகள் அதை ஏற்பதில்லை. நரகம் முடிவில்லாத வேதனையா, கடவுளை விட்டு நிரந்தரமாகப் பிரிவதா, அழிந்துபோவதா என்பதில் கருத்துகள் பல.

தேதி? அந்த நாளும் நேரமும் குமாரனுக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று மாற்கு 13-இல் இயேசுவே சொல்கிறார். அப்படியும் கணக்குப் போடுகிறவர்கள் ஓயவில்லை. வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்து இரவெல்லாம் காத்திருந்தார்கள். மறுநாள் வழக்கம்போல் விடிந்தது. குமாரனுக்கே தெரியாது என்று எழுதியிருக்கும்போது ஒருவர் தேதியோடு வந்து நின்றால், அவரிடம் மேற்கொண்டு எதையும் கேட்காமல் இருப்பது நல்லது.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் எல்லாரும் நரகத்துக்கா?

இயேசுவை அறிந்து ஏற்காமல் மீட்பு இல்லை என்பது பல சுவிசேஷ சபைகளின் நிலை. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனசாட்சியின்படி கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்புப் பெறக்கூடும் என்றது. அப்போதும் மீட்பவர் கிறிஸ்துவே என்பதை அது விடவில்லை. ‘யார் போவார்கள்’ என்ற பட்டியல் போடும் வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை. மத்தேயு 25-இல் வரும் நியாயத் தீர்ப்பில் வலப்பக்கம் நிற்பவர்களும் இடப்பக்கம் நிற்பவர்களும், இரு தரப்புமே, ‘ஆண்டவரே, எப்போது உம்மைப் பார்த்தோம்?’ என்று திகைத்துத்தான் கேட்கிறார்கள்.

கடவுள் நல்லவர் என்றால் ஏன் இத்தனை துன்பம்?

மனித சுதந்திரம், ஆத்தும வளர்ச்சி என்றெல்லாம் விளக்கம் உண்டு. குழந்தையைப் பறிகொடுத்தவரிடம் அவற்றைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இனி சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தவறான பதிலைப் பைபிளே அடைத்துவிடுகிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, ‘இல்லை’ என்கிறார் இயேசு. அடிபட்டவரைப் பார்த்து, ‘என்ன பாவம் செய்தாயோ’ என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. சிலுவையில் அவரே, ‘என் கடவுளே, ஏன் என்னைக் கைவிட்டீர்?’ என்று கத்தினார். மாற்கு அதை அவர் பேசிய அரமேயத்திலேயே, ஏலோயி, ஏலோயி, லெமா சபக்தானி என்று, எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை.

நானே வாசித்துப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்கலாம்?

ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் களைத்துப்போய் மூடி வைத்தவர்கள் ஏராளம். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். 16 அதிகாரம், ஒரே மூச்சில் முடிக்கலாம். பீடிகை இல்லை, வம்ச வரலாறு இல்லை, எடுத்த எடுப்பில் ஓட்டம். கடைசிப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் போங்கள். நான்காம் நூற்றாண்டின் இரண்டு முக்கியமான கையெழுத்துப் பிரதிகளிலும் அந்த நூல் 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. உங்கள் பைபிளில் அதற்குப் பிறகு இருக்கும் வரிகள் பின்னால் சேர்க்கப்பட்டவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. கல்லறை காலியாக இருக்கிறது. ‘அவர் எழுந்துவிட்டார்’ என்று இளைஞர் ஒருவர் சொல்கிறார். பெண்கள் நடுங்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.